நாற்காலி காலி! தோற்கும் கிளப்புக்கு மேலாளர் தேடுவது எப்படி?

தோல்வியில் தத்தளிக்கும் கால்பந்து கிளப் புது மேலாளரை எப்படித் தேட வேண்டும் என்று வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்.

தொடர்ந்து எத்தனை ஆட்டம் தோற்றால் மேலாளரை வீட்டுக்கு அனுப்பலாம்? ஏதாவது கணக்கு உண்டா?

தோல்விகளை எண்ணித் தீர்ப்பு எழுதும்போதுதான் பல கிளப்புகள் சறுக்குகின்றன. ஐந்து தோல்விகளில் மூன்று முன்னணி அணிகளிடம் வந்தவையா, நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் காயத்தில் இருந்தார்களா, கோல்கீப்பர் கோட்டைவிட்டவை எத்தனை என்றெல்லாம் பார்க்காவிட்டால் அந்த ‘ஐந்து’க்குப் பொருளே இல்லை.

பார்க்க வேண்டிய எண் வேறு. ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், காலால் அடிக்கப்பட்டதா தலையாலா என்பதை வைத்து அது கோலாகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். பெனால்டிக்குக் கிட்டத்தட்ட 0.76. கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடித்தால் பெரும்பாலும் 0.05-ஐத் தாண்டாது. இவற்றைக் கூட்டினால் வருவது எதிர்பார்ப்பு கோல், பேச்சுவழக்கில் எக்ஸ்ஜி. கடைசி 10, 12 ஆட்டங்களில் உங்கள் அணி உருவாக்கிய எக்ஸ்ஜியிலிருந்து எதிரணிக்குக் கொடுத்ததைக் கழியுங்கள். பெனால்டிகளைத் தனியாக எடுத்துவிடுங்கள். சிவப்பு அட்டையால் பத்துப் பேரோடு ஆடிய நிமிடங்களையும் விலக்குங்கள். மிச்சம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தும் புள்ளி சேரவில்லை என்றால் மேலாளரைத் தொடாதீர்கள். மிச்சம் மைனஸில் இருந்து, மாதத்துக்கு மாதம் இன்னும் கீழே போனால் கோளாறு நிஜம். நான்கைந்து ஆட்டங்களை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் அது ஜோசியம்தான்.

2014-15 பருவத்தில் ஜெர்மனியின் போருஸியா டோர்ட்மண்ட் நல்ல உதாரணம். பாதி லீக் முடிந்தபோது 17 ஆட்டங்களில் வெறும் 15 புள்ளி, 18 அணிகளில் 17-ஆவது இடம். மேலாளர் யுர்கன் க்ளாப். கிளப் அவரை மாற்றவில்லை. அணி உருவாக்கிய வாய்ப்புகள் அந்த இடத்துக்குரியவையே அல்ல. இரண்டாம் பாதியில் மீண்டு 7-ஆவதாக முடித்தார்கள். பருவம் முடிந்து அவராகவே விலகிய பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் லிவர்பூல் அவரை எடுத்தது. அந்த மோசமான பருவத்தை லிவர்பூலின் தரவுக் குழு பிரித்துப் பார்த்து, பெரும்பகுதி துரதிர்ஷ்டம் என்று சொல்லியிருந்தது. ஒரு கிளப்பின் தோல்விக் கணக்கை வேறொரு கிளப் சரியாகப் படித்த கதை அது.

எண்கள் சொல்லாத ஒரு காரணமும் உண்டு. மூத்த வீரர்கள் மேலாளரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள், பயிற்சியில் கத்துவதற்குக்கூட ஆள் இல்லை என்றால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. ஆனால் அதை ஒரு வீரரின் ஏஜென்ட் சொன்னார் என்று நம்பிவிடாதீர்கள். ஆட்டத்தில் இடம் கிடைக்காத வீரரின் ஏஜென்டுக்கு டிரெஸ்ஸிங் ரூம் எப்போதுமே உடைந்துதான் இருக்கும்.

புது மேலாளர் வந்ததும் முதல் சில ஆட்டங்கள் ஜெயிக்கிறார்களே. அது அவருடைய மாயம்தானே?

பெரும்பாலும் இல்லை. ஒரு கிளப் மேலாளரை மாற்றுவது எப்போது? வழக்கத்தைவிட மோசமாக ஆடி, அதிர்ஷ்டமும் அடித்தட்டில் இருக்கும்போது. அங்கிருந்து யார் இருந்தாலும் கொஞ்சம் மேலே வரும். நெதர்லாந்தின் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் அந்நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை எடுத்துக்கொண்டு, அதே அளவு சரிந்தும் மேலாளரை மாற்றாத அணிகளோடு மாற்றிய அணிகளை ஒப்பிட்டார். மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதேபோல் மீண்டிருந்தன.

லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள். 2016-இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் கோப்பையை வாங்கித் தந்த கிளாடியோ ரானியேரியை 2017 பிப்ரவரி 23 அன்று நீக்கினார்கள். துணைப் பயிற்சியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். ஜூனில் மூன்று ஆண்டு ஒப்பந்தம், அக்டோபரில் அவரும் வெளியே.

எனவே வருபவரின் முதல் ஐந்து ஆட்டங்களை வைத்து அவரையும் எடை போடாதீர்கள், உங்கள் தேர்வையும் மெச்சிக்கொள்ளாதீர்கள்.

நிர்வாகக் குழு ‘மாற்றிவிடலாம்’ என்று முடிவெடுத்துவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியே தாமதமாக வருகிறது. நன்றாக நடத்தப்படும் கிளப்புகள், அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு பேர் கொண்ட பட்டியலை வைத்திருந்து மாதம் ஒருமுறை திருத்துகின்றன. பிரைட்டன் கிளப்பிலிருந்து மேலாளர் கிரஹாம் பாட்டரை 2022 செப்டம்பர் 8 அன்று செல்ஸி தூக்கிக்கொண்டு போனது. பத்தே நாளில் ராபெர்ட்டோ டி ஸெர்பி வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் பிரைட்டன் 6-ஆம் இடம். டி ஸெர்பியின் பெயர் அந்தப் பத்து நாளில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல.

பட்டியல் இல்லாதவர்கள் முதலில் உட்கார்ந்து செய்ய வேண்டியது, ஆள் பெயர் எதையும் சொல்லாமல் இரண்டு பக்கத்துக்கு ஒரு தேவைக்குறிப்பு எழுதுவது. அதன் முதல் பக்கம் முழுக்க வீரர்களைப் பற்றி. பதிவு செய்யப்பட்ட 25 பேரையும் எழுதுங்கள். வயது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்த இடத்தில் ஆடுவார், 90 நிமிடம் தாங்குவாரா, வேகம் உண்டா, பந்தைக் காலில் வாங்கித் திரும்பத் தெரியுமா. எழுதி முடித்ததும் சில விஷயங்கள் தானாகவே தெரியும். நடுத் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் 32 வயதைத் தாண்டி வேகம் குறைந்தவர்கள் என்றால், தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி ஆடும் மேலாளர் உங்களுக்கு வேண்டாம். பின்னால் கிடக்கும் 40 மீட்டர் வெற்றிடத்தை எதிரணி வாரந்தோறும் பயன்படுத்திக்கொள்ளும். பக்கவாட்டில் ஓடி கிராஸ் போட ஆளே இல்லை என்றால் உயரமான முன்கள வீரரை நம்பும் மேலாளரும் வேண்டாம்.

இரண்டாம் பக்கத்தில் காலம், பணம், அதிகாரம். எத்தனை ஆட்டம் மிச்சம், அடுத்த டிரான்ஸ்பர் விண்டோ (வீரர்களை வாங்க, விற்க அனுமதியுள்ள காலம்) எப்போது திறக்கிறது, எவ்வளவு செலவழிக்கலாம், வீரர்களை வாங்குவதில் கடைசி வார்த்தை யாருடையது. பலர் இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்துச் சண்டை போடுகிறார்கள்.

இதை முடித்த பிறகுதான் பெயர்கள். தொடக்கத்தில் 20, 25 பேர் வரலாம். வேலையில் இல்லாதவர்கள், ஒப்பந்தத்தில் இருந்தாலும் வெளிவரும் விலை தெரிந்தவர்கள், கீழ் டிவிஷனிலோ வேறு நாட்டிலோ குறைந்த பணத்தில் நன்றாகச் செய்பவர்கள், உங்கள் கிளப்பிலேயே இருப்பவர்கள் என்று நான்கு கூடையிலும் ஆள் இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டியது, அவர் அணியின் சம்பளச் செலவு அந்த லீக்கில் எத்தனையாவது இடம், அணி முடித்தது எத்தனையாவது இடம் என்பதுதான். சம்பளத்தில் 18-ஆவதாக இருந்து 11-ஆவதாக முடித்தவர், சம்பளத்தில் 2-ஆவதாக இருந்து 3-ஆவதாக முடித்தவரைவிடக் கெட்டிக்காரர். கோப்பை எண்ணிக்கை இதைக் காட்டாது.

அதிலிருந்து ஐந்து பேராகக் குறைத்து, ஒவ்வொருவரின் பத்து ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள். ஜெயித்த ஆட்டங்களில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது 60-ஆவது நிமிடத்தில் என்ன மாற்றினார், பத்துப் பேரானபோது யாரை வெளியே எடுத்தார், தொடர்ந்து மூன்று தோல்விக்குப் பிறகு அணித்தேர்வு எப்படி இருந்தது என்பவைதான் உங்களுக்கு வேண்டியவை. நீங்கள் கூப்பிடப்போவது தோற்றுக்கொண்டிருக்கும் வேலைக்கு.

பிறகு விசாரிப்பு. அவர் கொடுக்கும் பெயர்களிடம் மட்டும் கேட்டால் புகழ்ச்சிதான் கிடைக்கும். முன்பு அவர் வேலை செய்த கிளப்பின் பிஸியோ, கிட் அறைக்காரர், அவரிடம் இடம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த வீரர் ஆகியோரில் இருவரையாவது பிடியுங்கள்.

தேவைக்குறிப்பு, வீரர் பட்டியல் என்கிறீர்கள். நல்ல மேலாளர் என்றால் எந்த அணியையும் தூக்கி நிறுத்திவிட மாட்டாரா?

கிரிஸ்டல் பேலஸ் 2017 கோடையில் ஃபிராங்க் டி போயரைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தின் அயாக்ஸில் தொடர்ந்து நான்கு முறை லீக் கோப்பை வென்றவர், திறமையில் சந்தேகமே இல்லை. எதிர்த்தாக்குதலில் பழகிய அணியை மூன்று தடுப்பாட்டக்காரர் முறைக்கும் பந்தைப் பொறுமையாகக் கடத்தும் ஆட்டத்துக்கும் ஒரே கோடையில் மாற்றப் பார்த்தார். நான்கு லீக் ஆட்டம், நான்கு தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 77 நாளில் முடிந்தது. அடுத்து வந்த ராய் ஹாட்ஜ்சனும் முதல் மூன்றைத் தோற்றார், அதிலும் கோல் இல்லை. ஆனால் வீரர்களுக்குப் பழகிய அமைப்புக்குத் திரும்பியிருந்ததால் பிடித்துக்கொண்டார்கள். ஏழு ஆட்டம் கோலே அடிக்காமல் தோற்ற அணி 11-ஆவதாக முடித்தது.

இன்னொரு பக்கம் ராப் எட்வர்ட்ஸ். 2022 செப்டம்பரில் வாட்ஃபர்டு அவரைச் சில வாரங்களிலேயே கழற்றிவிட்டது. இரண்டு மாதத்தில் பரம எதிரியான லூட்டன் அவரை எடுத்தது. 2023 மே மாதம் லூட்டனைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். லூட்டனில் அவருக்கு முன்பு வெற்றிகரமாக இருந்த நேதன் ஜோன்ஸ் அதே பருவத்தில் சவுத்தாம்டனுக்குப் போய் எட்டு லீக் ஆட்டங்களில் ஏழைத் தோற்றார். ஆட்கள் அதே ஆட்கள்தான், சுற்றிலும் இருந்த வீரர்கள்தான் வேறு.

பருவத்தின் நடுவில் ‘தீயணைப்பு வீரர்’ போல அனுபவசாலியைக் கொண்டுவருவதா, நீண்டகாலத்துக்கு இளைஞரைப் போடுவதா?

மிச்சமிருக்கும் ஆட்டங்களை முதலில் எண்ணுங்கள். 20 அணிகள், 38 ஆட்டங்கள் உள்ள லீக்கில் 40 புள்ளி வந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிவிடலாம் என்பது பழைய பேச்சு. 2002-03-இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 2022-23-இல் எவர்ட்டன் 36 புள்ளியில் தப்பியது. 38 என்று வைத்துக்கொள்வோம். 22 ஆட்டங்களில் 17 புள்ளி எடுத்திருக்கிறீர்கள், மிச்சம் 16-இல் 21 வேண்டும். ஆட்டத்துக்கு 1.3. முழுப் பருவமும் அந்த வேகத்தில் போனால் 50 புள்ளி வரும்; அதாவது நடு இடத்து அணிபோல ஆடியாக வேண்டும். இது அசாத்தியமல்ல. ஆனால் எட்டு ஆட்டங்களில் 15 வேண்டுமென்றால் எந்தப் பெயரும் உதவாது. அப்போது அடுத்த பருவத்துக்கான ஆளைக் கொண்டுவருவதே புத்திசாலித்தனம்.

கடைசி நேரத் தீயணைப்புக்கு லீட்ஸ் 2023 உதாரணம். நான்கே ஆட்டம் மிச்சமிருக்கும்போது சாம் அலர்டைஸ் வந்தார். முதல் எதிரணி மான்செஸ்டர் சிட்டி. நான்கிலும் சேர்த்து ஒரு புள்ளி, இறங்கினார்கள். தடுப்பாட்ட ஒழுங்கைப் பயிற்றுவிக்கவே நான்கைந்து வாரம் வேண்டும். ஆள் அனுபவசாலி, நாள்தான் இல்லை.

டிரான்ஸ்பர் விண்டோ இதைவிட முக்கியம். எட்டி ஹோவ் 2021 நவம்பரில் நியூகாசிலுக்கு வந்தார். அந்த அணி முதல் 14 லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. வந்தபின் இரண்டு மாதம் வீரர்களைப் பார்த்து என்ன குறை என்று தெரிந்துகொண்டு, ஜனவரியில் ஐந்து பேரை எடுத்தார்கள். 11-ஆவதாக முடித்தது. எவர்ட்டனோ ஃபிராங்க் லாம்பார்டை 2023 ஜனவரி 23 அன்று நீக்கி, ஷான் டைச்சை 30-ஆம் தேதி நியமித்தது. மறுநாள் விண்டோ மூடியது. ஒருவரையும் வாங்கவில்லை. கடைசி நாள் போர்ன்மத்தை 1-0 என்று வென்றுதான் தப்பித்தார்கள். மாற்றுவதென்று மனதில் இருந்தால் டிசம்பர் நடுவுக்குள் மாற்றிவிடுங்கள். ஜனவரியின் கடைசி வாரம் எல்லாவற்றிலும் மோசமான நேரம்.

தீயணைப்பையே வழக்கமாக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு சண்டர்லாந்து. 2013-இல் டி கேனியோ, பிறகு கஸ் போயெட், 2015-இல் டிக் அட்வகாட், அதன்பின் அலர்டைஸ். நான்கு பேரும் தாங்கள் பொறுப்பேற்ற பருவத்தில் அணியைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த வகை வீரர்களை வாங்கியதில் ஒன்றுக்கொன்று ஒட்டாத, சம்பளம் மட்டும் அதிகமான அணி மிஞ்சியது. 2017-இல் இறங்கி, 2018-இல் மறுபடியும் இறங்கி, மூன்றாம் டிவிஷனுக்கே போனது.

இளைஞரைப் போட்டு வென்றதற்கு ஷாபி அலோன்ஸோவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 2022 அக்டோபரில் அவர் வந்தபோது ஜெர்மனியின் பேயர் லெவர்குஸன் 8 ஆட்டங்களில் 5 புள்ளியோடு கடைசிக்கு முந்தின இடம். அதுவரை அவர் நடத்திய பெரிய அணி ரியல் ஸோசியதாத்தின் இரண்டாம் அணிதான். அந்தப் பருவம் 6-ஆம் இடம், அடுத்த பருவம் ஒரு லீக் ஆட்டத்தையும் தோற்காமல் சாம்பியன். ஆனால் அவர் கையில் கிடைத்தது, ஃபிளோரியன் விர்ட்ஸ் போன்றவர்கள் இருந்த நல்ல அணி, இடம்தான் கெட்டிருந்தது. உங்கள் அணியும் அப்படியா என்று தேவைக்குறிப்பின் முதல் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பது?

ஸ்லைடு போட்டுக் காட்ட விடாதீர்கள். இப்போது எல்லோரிடமும் அழகான ஸ்லைடுகள் இருக்கின்றன, பல நேரம் அவற்றைத் தயாரித்தது ஏஜென்ட் அலுவலகம். இரண்டு நாள் முன்பே உங்கள் அணி தோற்ற இரண்டு ஆட்டங்களின் முழு வீடியோவை அனுப்பிவிடுங்கள். வந்ததும் கேளுங்கள்: அந்த இரண்டாவது கோல் ஏன் விழுந்தது? கோல்கீப்பரையும் தடுப்பாட்டக்காரரையும் திட்டுகிறவர் ஒரு ரகம். பந்தை இழந்த இடத்துக்கு 15 நொடி பின்னால் போய், நடுக்கள வீரர் நின்ற இடத்தைக் காட்டுகிறவர் இன்னொரு ரகம். இரண்டாமவர் உட்காரட்டும், டீ கொடுங்கள்.

அடுத்து, முதல் வாரத்தின் ஏழு நாளையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்த நாள் ஓய்வு, எந்த நாள் கடும் பயிற்சி, எத்தனை நிமிடம், கார்னருக்கு எவ்வளவு நேரம். உங்கள் அணியிலிருந்து பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வீரர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் வேலையை விரும்புகிறார், அணியை அல்ல. ‘யாரை வாங்கித் தருவீர்கள்?’ என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தால் கவனம்.

கேள்விகளை எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேட்டு, கேட்கும் மூவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே மதிப்பெண் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளப் தலைவர் முகத்தைப் பார்த்து மற்ற இருவரும் போடுவார்கள்.

எங்கள் கிளப்பின் பழைய நட்சத்திர வீரரையே போட்டால் ரசிகர்கள் கொண்டாடுவார்களே?

ஆறு வாரம் கொண்டாடுவார்கள். பிறகு சிலை வைக்க வேண்டிய ஒருவரை நீங்கள் பதவி நீக்கம் செய்ய வேண்டிவரும்.

நட்சத்திரம் என்பது தகுதிக் குறைவும் அல்ல, தகுதியும் அல்ல. மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய நட்சத்திரம் கேரி நெவில், தலைமைப் பொறுப்பில் முன்அனுபவம் இல்லாமல், மொழியும் தெரியாமல் 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் போனார். 16 லீக் ஆட்டங்களில் 3 வெற்றி, மார்ச்சில் முடிந்தது. ஆட்டத்தை அலசுவதில் அவருக்கு ஈடு குறைவு; அதுவும் வாரம் முழுக்க 25 பேரை நடத்துவதும் ஒரே வேலையல்ல.

தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர் நன்றாகச் செய்தால் நிரந்தரமாக்கிவிடலாமா?

பருவம் முடியும்வரை பொறுங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 2018 டிசம்பரில் ஓலே குன்னர் சோல்ஷரைத் தற்காலிகமாக வைத்தது, 2019 மார்ச் 28 அன்று நிரந்தரமாக்கியது. அந்தப் பருவத்தின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தால் ஒரு பைசா நஷ்டம் இல்லை, வேறு கிளப் எதுவும் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்காது. ராபெர்ட்டோ டி மட்டேயோ 2012-இல் தற்காலிகமாக வந்து செல்ஸிக்கு சாம்பியன்ஸ் லீகையே வாங்கிக் கொடுத்தார்; அதே ஆண்டு நவம்பரில் அவரும் போனார்.

நேர்மாறாகவும் நடக்கும். பிரென்ட்ஃபர்டு 2018 அக்டோபரில் துணைப் பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்கை உயர்த்தியது. முதல் பத்து ஆட்டங்களில் எட்டுத் தோல்வி. வாய்ப்புக் கணக்குகள் கெட்டுப்போகவில்லை என்பதைப் பார்த்து நிர்வாகம் அசையவில்லை. 2021-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? கிளப்புகள் பழைய மேலாளர்களுக்கே சம்பளம் கொடுத்துக் கரைகின்றனவே?

கரைவதற்கு முக்கியக் காரணம் நீளமான ஒப்பந்தம். ஆபத்தில் இருக்கும் கிளப் நான்கு ஆண்டு கொடுப்பது கொடை. பருவம் முடியும்வரை, அதோடு தப்பித்தால் தானாக இரண்டு ஆண்டு நீளும் என்று எழுதுங்கள். நல்ல ஆள் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால் இரண்டரை ஆண்டு கொடுத்து, நீக்கினால் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு போடுங்கள். மிச்சப் பணத்தைத் தவணையில் கொடுப்பது, அவருக்கு வேறு வேலை கிடைத்தால் அதோடு நிற்பது என்ற ஷரத்து இல்லாமல் கையெழுத்து வேண்டாம். கீழே இறங்கினால் சம்பளம் எத்தனை சதவீதம் குறையும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வீரர்களுக்குப் போட்டுவிட்டு மேலாளருக்கு மறந்துவிடுகிறார்கள்.

அவர் வேறு கிளப்பில் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தக் கிளப்புக்கு இழப்பீடு தர வேண்டும். பாட்டருக்கும் அவர் குழுவுக்குமாக செல்ஸி பிரைட்டனுக்குக் கொடுத்தது 2 கோடி பவுண்டுக்கு மேல் என்று அப்போது செய்தி வந்தது. மேலாளரிடம் பேசுவதற்கு முன் அவர் கிளப்பிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் புகார் வரும். அவரோடு மூன்று நான்கு உதவியாளர்கள் வருவார்கள். அவர்களுக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி வெளியேற்றத் தொகை. மேலாளரைக் கணக்கிட்டுக் கூட்டத்தைக் கணக்கிடாத பட்ஜெட்டுகள் ஏராளம்.

உரிமம் இன்னொரு கண்ணி. ஐரோப்பாவின் முதல் டிவிஷன்களில் தலைமைப் பயிற்சியாளருக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் ப்ரோ லைசன்ஸ் வேண்டும். வில் ஸ்டில் 2022-23-இல் பிரான்ஸின் ரேம்ஸ் அணியை அந்த உரிமம் இல்லாமல் நடத்தினார். ஆட்டத்துக்கு 25,000 யூரோ அபராதம். ஆடிய ஆட்டம் அபாரமாக இருந்ததால் கிளப் கட்டிக்கொண்டே இருந்தது. வெளிநாட்டவர் என்றால் வேலை அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும் என்று வக்கீலிடம் கேட்ட பிறகே அறிவிப்புத் தேதியைக் குறியுங்கள்.

வந்தவர் முதல் வாரத்தில் என்ன செய்தால் நல்லது?

சனிக்கு சனி ஆட்டம் என்றால் ஞாயிறு உடல் களைப்பு நீக்கும் லேசான மீட்புப் பயிற்சி, திங்கள் ஓய்வு, வெள்ளி லேசான பயிற்சி. உண்மையாக உழைக்கக் கிடைப்பது செவ்வாய், புதன், வியாழன். நடுவாரம் ஆட்டம் இருந்தால் அதுவும் போச்சு. அந்த மூன்று நாளில் புது ஆட்டமுறையை நுழைக்கப் பார்த்தால் வீரர்கள் ஆட்டத்தில் யோசித்துக்கொண்டு நிற்பார்கள், பந்து கடந்து போய்விடும்.

தடுப்பில் இரண்டு விதி போதும். பந்தை இழந்தால் யார் பந்தை நோக்கிப் போவது, யார் பின்வாங்குவது; இரண்டு வரிசைகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் இடைவெளி. பிறகு கார்னரும் ப்ரீ கிக்கும். வேகமாகப் பலன் தருவது இதுதான். யார் யாரைப் பிடிப்பது, முதல் கம்பத்தில் யார் என்பதை 20 நிமிடத்தில் சொல்லிக்கொடுத்து மூன்று நாளும் ஒத்திகை பார்க்கலாம். காயத்திலிருந்து திரும்புகிறவர்களை முதல் நாளே முழு வேகத்தில் ஓடவிடாதீர்கள். புது மேலாளர் முன் தன்னைக் காட்டிக்கொள்ளத் தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. பயிற்சிச் சுமையை எவ்வளவு ஏற்றலாம் என்று பிஸியோ கையெழுத்துப் போட்ட பிறகே ஏற்ற வேண்டும்.

நாங்கள் சம்பளமில்லாத அமெச்சூர் கிளப். மேலாளர் பாதியில் விலகிவிட்டார். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

எக்ஸ்ஜி வேண்டாம், ஒப்பந்த வக்கீலும் வேண்டாம். தேவைக்குறிப்பு மட்டும் உங்களுக்கும் வேண்டும், அரைப் பக்கம் போதும். வாரம் எத்தனை மாலை பயிற்சி, எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள், ஆட்டத்துக்கு வண்டி யார் ஏற்பாடு, நடுவர் கட்டணம் யார் கையில் இருந்து. விண்ணப்பிப்பவருக்கு இது முன்கூட்டித் தெரிந்தால்தான் இரண்டாம் மாதம் ஓட மாட்டார். ஒருவரே பயிற்சி, அணித்தேர்வு, பணம் மூன்றையும் பார்த்தால் அவரும் விலகுவார். பணத்தை வேறொருவரிடம் கொடுங்கள். அணித்தலைவரை ‘ஆடும் மேலாளர்’ ஆக்குவது எளிதாகத் தோன்றும். தன்னையே மாற்றி வெளியே உட்கார வைக்க அவருக்கு மனம் வராது, எனவே மாற்று வீரர்களை முடிவு செய்ய எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒருவரை நிறுத்துங்கள்.

விலகியவரிடம் மனக்கசப்பு இருந்தாலும் இந்த வாரமே போய் நான்கு விஷயங்களை வாங்கிவிடுங்கள்: வீரர் பதிவு அட்டைகள், யாருக்கு எத்தனை மஞ்சள் அட்டை என்ற கணக்கு, காயம் மற்றும் ஆஸ்துமா குறிப்புகள், மைதான முன்பதிவு ரசீது. தடையில் இருக்கும் வீரரைத் தெரியாமல் இறக்கினால் ஜெயித்த ஆட்டத்தின் புள்ளியும் லீக் கமிட்டியில் போய்விடும்.